சுகர் இருக்கு, ருசியும் வேணும்: வட சென்னை வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று எந்தப் பக்கம் போனாலும் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறோம். டம்ளர் என்று சொல்லும் இடமெல்லாம் 200 மி.லி. பிடிக்கும் சாதாரண எவர்சில்வர் டம்ளர். இன்சுலின் போடுகிறவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கடைசி மூன்று கேள்விகளை முதலில் படித்துவிடுங்கள்.

சுகர்னு சொல்லிட்டாங்க. இனிமே வாய்க்கு ருசியா எதுவுமே துண்ணக் கூடாதா?

சாப்பிடலாம். ருசியில்லாத சாப்பாட்டைப் பத்து நாள் சமாளிக்கலாம். முப்பது வருஷம் யாராலும் முடியாது. சர்க்கரையோ முப்பது வருஷம் கூடவே வரக்கூடியது. அதனால் பிடித்த சாப்பாட்டை விரட்டாமல், தட்டில் இருப்பதில் எது சர்க்கரையை ஏற்றுகிறது என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஏற்றுவது மாவுச்சத்து. ஒரு டம்ளர் வெந்த சோற்றில் ஏறக்குறைய 40 கிராம் மாவுச்சத்து, நடுத்தர இட்லி ஒன்றில் 12 கிராம், கடைப் பரோட்டா ஒன்றில் 30 கிராமுக்கு மேல். மீன், முட்டை, கறியில் அது இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். சுண்டலும் பயறும் நடுவில் நிற்பவை: மாவுச்சத்து உண்டு, நாரும் புரதமும் கூடவே இருப்பதால் நிதானமாக ஏறும். பொதுவான இலக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 180க்குள், எச்பிஏ1சி (ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7 சதவீதத்துக்குள். வயதானவர்களுக்கும் அடிக்கடி லோ ஆகிறவர்களுக்கும் (சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குகிறவர்களுக்கும்) டாக்டர் இதைக் கொஞ்சம் தளர்த்தி வைப்பார்.

சோத்த வுட்டுட்டு ராத்திரிக்கு சப்பாத்தி துண்ணா போதும்னு எல்லாரும் சொல்றாங்க, சரியா?

எத்தனை சப்பாத்தி என்பதைப் பொறுத்தது. 25 முதல் 30 கிராம் மாவில் தேய்த்த சப்பாத்தியில் ஏறக்குறைய 18 முதல் 20 கிராம் மாவுச்சத்து. அப்படியானால் இரண்டு சப்பாத்தியும் ஒரு டம்ளர் சோறும் கணக்கில் ஒன்றுதான். நான்கு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் சாப்பிட்டுவிட்டு "நான் சோறே தொடறதில்ல" என்பவர்களுக்குக் காலையில் 190 காட்டினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சப்பாத்தியை எண்ணிச் சாப்பிடலாம், சோற்றை எண்ண முடியாது; சப்பாத்தியில் கிடைக்கும் பெரிய லாபமே அதுதான். சோறுதான் பிடிக்கும் என்றால் டம்ளரால் அளந்து சோறே சாப்பிடுங்கள்.

சாப்புடற வரிசைய மாத்துனா சுகரு கம்மியா ஏறும்னு சொல்றாங்களே, நெசமாவா?

நிஜம்தான், இதற்குச் செலவும் இல்லை. முதலில் காய், அடுத்து மீன், முட்டை அல்லது பருப்பு, கடைசியில் சோறு. நாரும் புரதமும் முன்னால் போனால் இரைப்பை மெதுவாகக் காலியாகும். பின்னால் வரும் சோற்றின் சர்க்கரை ஒரே மூச்சில் ரத்தத்தில் கலக்காது.

நம் வீடுகளில் இது தடுக்கும் இடம் மீன் குழம்பு. புளி தூக்கலாக, மாங்காய் போட்டு வைத்த குழம்பு சோற்றை இழுக்கும். ஒரு டம்ளர் என்று உட்கார்ந்தவர் மூன்றாவது தடவை போட்டுக்கொள்வார். அதற்கு ஒரு ஏற்பாடு செய்யுங்கள்: சோற்றை அளந்து தட்டில் வைத்துவிட்டுச் சோற்றுப் பானையை அடுப்பங்கரையிலேயே மூடிவிடுங்கள். ஒரு டம்ளர் கோஸ் அல்லது அவரைப் பொரியலையும் இரண்டு துண்டு மீனையும் முதலில் முடியுங்கள். பிறகு குழம்புச் சோறு. எழுந்ததும் 10 முதல் 15 நிமிஷம் தெருவில் நடந்தால் ஏற்றம் இன்னும் குறையும். படுத்துக்கொண்டு டிவி பார்ப்பது இதற்கு நேர் எதிர்.

மீனு நல்லதுன்றீங்க. வஞ்சிரம் வாங்கறதுக்கு யார்கிட்ட காசு இருக்கு?

வஞ்சிரம் தேவையே இல்லை. சர்க்கரைக் கணக்கில் எல்லா மீனும் ஒன்று. இதயத்துக்கு நல்ல ஒமேகா-3 கொழுப்பைப் பார்த்தால் விலை குறைந்த மத்தியும் கானாங்கெளுத்தியும்தான் முன்னால் நிற்கும். நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் கால்சியமும் கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலத்தில் பெரிய மீன் விலை ஏறும். அப்போது கட்டுமரத்திலும் நாட்டுப்படகிலும் வரும் சின்ன மீனை வாங்குங்கள், அல்லது முட்டைக்கு மாறுங்கள்.

கெடுப்பது மசாலாவில் சேர்க்கும் மாவு. மொறுமொறுப்புக்காகக் கார்ன்பிளவர், அரிசி மாவு, மைதா போட்டுப் பொரித்தால் மாவுச்சத்து இல்லாத மீனுக்கு மாவுச் சட்டை போட்டது போல் ஆகிவிடும். அரை கிலோ கானாங்கெளுத்திக்கு 2 தேக்கரண்டி மிளகாய்த்தூள், கால் தேக்கரண்டி மஞ்சள், 1 தேக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, அரை எலுமிச்சம்பழச் சாறு, அளவாக உப்பு போதும். மீனை ஈரம் போக ஒற்றிவிட்டுத் தடவி 20 நிமிஷம் வையுங்கள். இரும்புத் தவாவில் 2 மேசைக்கரண்டி எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு போட்டு, 4 நிமிஷம் வரை தொடாதீர்கள். தவா காயாமல் போட்டாலும், மீன் ஈரமாக இருந்தாலும், அவசரப்பட்டுத் திருப்பினாலும் தோல் தவாவில் ஒட்டி மீன் உடையும். ஓரம் தானாக விட்டுக்கொடுத்த பிறகு திருப்புங்கள்.

கேவுரு கூழு எவ்ளோ குடிச்சாலும் சுகரு ஏறாதாமே?

ஏறும். இந்த ஒரு நம்பிக்கையால் மதியம் 250 தாண்டுகிறவர்கள் நிறைய பேர். கேழ்வரகு நல்ல தானியம். 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், அரிசியைவிடப் பல மடங்கு நார். ஆனால் அதே 100 கிராமில் மாவுச்சத்து 70 கிராம் அளவுக்கு இருக்கிறது. நைஸாக அரைத்து, குழைய வேகவைத்து, கரைத்து மடமடவென்று குடித்தால் அது மெல்லும் வேலையே இல்லாமல் நேராக இறங்கிவிடும். போதாததற்கு, வண்டிக்கடைக் கூழில் நொய்யரிசி பாதிக்குப் பாதி இருக்கும். சொம்பில் வாங்கிக் குடித்தால் நீங்கள் குடித்தது கேழ்வரகா, அரிசிக் கஞ்சியா என்று சொல்ல முடியாது.

வீட்டில் செய்தால் ஒருவருக்கு 50 கிராம் மாவு, அதாவது குவித்த மூன்று மேசைக்கரண்டி. 150 மி.லி. தண்ணீரில் கரைத்து இரவு முழுக்கப் புளிக்க விடுங்கள். காலையில் 300 மி.லி. தண்ணீர் கொதித்ததும் தீயைக் குறைத்து, புளித்த மாவை ஒரு கையால் ஊற்றி மறு கையால் விடாமல் கிண்டுங்கள். உலர்ந்த மாவை நேராகக் கொதி தண்ணீரில் கொட்டினால்தான் கட்டி விழும். 8 முதல் 10 நிமிஷத்தில் நிறம் கறுத்துப் பளபளப்பு வரும். விரலை நனைத்துத் தொட்டுப் பாருங்கள், ஒட்டவில்லை என்றால் வெந்துவிட்டது. ஆறியதும் முக்கால் டம்ளர் மோர், ஆறேழு சின்ன வெங்காயம், கொத்தமல்லி, உப்பு. நொய் வேண்டாம், அல்லது ஒரு மேசைக்கரண்டியோடு நிறுத்துங்கள்.

தொட்டுக்கொள்ள நெத்திலிக் கருவாடு அருமையான ஜோடி, புரதமும் ஆயிற்று. உப்புதான் பிரச்சினை. வெந்நீரில் 10 நிமிஷம் ஊறவைத்து, மூன்று தண்ணீர் கழுவி, பிழிந்துவிட்டு வறுங்கள். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வாரத்தில் ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் வேகவைத்த முட்டை. கூழைவிடக் கேழ்வரகு அடை, அதுவும் முருங்கைக்கீரை போட்ட அடை, இன்னும் நிதானமாக ஏறும், ஏனென்றால் மென்று சாப்பிட வேண்டும்.

பழைய சோறு?

ஆறிய சோற்றில் ஒரு பங்கு மாவு சீக்கிரம் செரிக்காத வகையாக மாறும் என்பது உண்மை. அந்தப் பங்கு சின்னது. அதனால் சூடான சோற்றுக்குச் சொன்ன ஒரு டம்ளர் அளவே இதற்கும். தண்ணீரைப் பிழிந்து அளந்து போட்டு, நீராகாரத்தில் மோர் கலந்து, வெங்காயத்தோடு சாப்பிடுங்கள். வெயில் காலத்தில் ஒரு இரவு தாண்டியதைத் தொடாதீர்கள்.

காலைல அம்மா உணவகத்துலதான் நாஷ்டா. இட்லிய வுட்டா வேற வழியில்ல, இன்னா பண்றது?

இட்லியே சாப்பிடுங்கள், மூன்றோடு நிறுத்துங்கள். வீட்டிலிருந்து வேகவைத்த முட்டை இரண்டு எடுத்துப்போய் அதை முதலில் சாப்பிட்டால் வரிசையும் சரியாகிவிடும், பதினோரு மணிப் பசியும் வராது. மூட்டை தூக்குபவர், மீன்பிடித் துறைமுகத்தில் வேலை செய்பவர் என்றால் நான்கைந்து இட்லி தாங்கும். உடம்பு அதை வேலையில் எரித்துவிடும். உட்கார்ந்து ஆட்டோ ஓட்டுகிறவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

சாயங்காலம் ஆனா கை நேரா பஜ்ஜிக் கடைக்குப் போவுது. அதுக்கு பதிலா இன்னா?

சுண்டல். ருசியில் பஜ்ஜியோடு மல்லுக்கு நிற்கக்கூடிய ஒரே மாற்று இதுதான். கறுப்புக் கொண்டைக்கடலையை 8 முதல் 10 மணி நேரம் ஊறவைத்து, உப்புப் போட்டு குக்கரில் நான்கைந்து விசில். விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும், ஆனால் கூழாகக் கூடாது. சீக்கிரம் வேக வேண்டுமென்று சோடா உப்புப் போட்டால் மாவாகக் குழைந்துவிடும். குழையக் குழைய சர்க்கரை வேகமாக ஏறும். தாளிப்பில் கடுகு, காய்ந்த மிளகாய், பெருங்காயம். இறக்கியபின் கிளிமூக்கு மாங்காய்த் துருவல் இரண்டு மேசைக்கரண்டி, தேங்காய்த் துருவல் ஒரு மேசைக்கரண்டி. வெந்த சுண்டல் 100 கிராம், அதாவது முக்கால் டம்ளர், ஒரு வேளைக்குப் போதும்.

தள்ளுவண்டி மசாலா சுண்டல் வேறு சமாச்சாரம். மசித்த பட்டாணியோடு மேலே நொறுக்கிப் போடும் வறுத்த அயிட்டம்தான் பாதி கனம். "நொறுக்கு வேணாம், வெங்காயம் ஜாஸ்தி" என்று கேட்டு வாங்குங்கள். வேகவைத்த வேர்க்கடலையும் நல்லது. வறுத்தது என்றால் ஒரு கைப்பிடி, 30 கிராம். அதற்கு மேல் எடை ஏறும்.

டீல நாட்டுச் சக்கர போட்டுக்கறேன், அது ஒண்ணும் பண்ணாதுல்ல?

பண்ணும். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், பனங்கற்கண்டு, தேன் எல்லாம் ரத்தத்தில் போய்ச் சர்க்கரைதான். இரண்டு கரண்டி வீதம் ஐந்து டீ குடித்தால் நாளுக்கு 40 கிராம் தாண்டும். அது ஒரு டம்ளர் சோற்றின் மாவுச்சத்து, பசியும் ஆறாமல். வாரத்துக்கு அரைக் கரண்டி குறைத்தால் நாக்கு பழகிவிடும். கூட வாங்கும் பன்னையும் பட்டர் பிஸ்கெட்டையும் மறந்துவிடாதீர்கள்.

பழம் சாப்பிடலாமா, கூடாதா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

சாப்பிடலாம், கடித்துச் சாப்பிடுங்கள். ஜூஸாக வேண்டாம். கொய்யாதான் முதலிடம், கொஞ்சம் காயாக இருப்பதை உப்பு மிளகாய்த்தூளோடு ஒன்று. நாவல்பழம் ஒரு கைப்பிடி. நுங்கு இரண்டு, சர்பத்தில் போடாமல். பழுத்த மாம்பழம் இரண்டு சின்னத் துண்டு, அதுவும் சோற்றுக்குப் பின்னால் அல்ல, பசிக்கும் நான்கு மணிக்கு.

பீச் ஸ்டேஷன் எதிர்ல அத்தோ சாப்புட்டு வளர்ந்த ஆளு நானு. அத நெனச்சாதான் பேஜாரா இருக்கு.

பர்மாவிலிருந்து 1960களில் திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் சாப்பாடு இது. வியாசர்பாடியில் அவர்கள் குடியேறிய தெருக்களிலும் கிடைக்கும். அதை இழக்க வேண்டியதில்லை, ஏனென்றால் அந்தக் கடையிலேயே மருந்தும் இருக்கிறது.

முதலில் வாழைத்தண்டு சூப் ஒரு கிண்ணம். அடுத்து முட்டை மசால் இரண்டு: கீறிய அவித்த முட்டைக்குள் வதக்கிய வெங்காயமும் பூண்டும் புளித்தண்ணீரும். இவை உள்ளே போய்ப் பத்து நிமிஷம் கழித்து அத்தோ. ஒரு முழுத் தட்டில் நூடுல்ஸ் மட்டுமே 50 கிராம் மாவுச்சத்தைத் தாண்டும்; ஆகவே "நூடுல்ஸ் பாதி, கோஸும் வெங்காயமும் டபுளு, பேஜோ கம்மி" என்று சொல்லுங்கள் (பேஜோ என்பது மேலே நொறுக்கிப் போடும் பொரித்த மொறுமொறுப்பு). கடைக்காரர் கையால் பிசைந்து தருவதால் இப்படிக் கேட்பது அவருக்கும் சிரமம் இல்லை. பூண்டு எண்ணெய், மிளகாய், புளிப்பு எதுவும் குறையாது. ருசி அங்கேதான் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுக் கூல்டிரிங்க்ஸ் மட்டும் வேண்டாம்.

எனக்கு எது ஏத்துது, எது ஏத்தலன்னு நானே எப்டி கண்டுபுடிக்கறது?

முதல் வாய் வைக்கும் முன் ஒரு டெஸ்ட், அங்கிருந்து 2 மணி நேரத்தில் ஒரு டெஸ்ட். சாப்பிட்டு முடித்ததிலிருந்து கணக்குப் போடாதீர்கள். ஒரே சாப்பாட்டை இரண்டு மூன்று வேறு நாளில் பார்த்துக் குறித்து வையுங்கள். ஒரு நாள் எண்ணை நம்பி முடிவு செய்யாதீர்கள்.

தப்பு நடப்பது பெரும்பாலும் விரலில். மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் இல்லாத சர்க்கரை மீட்டரில் ஏறி நிற்கும். சோப்பால் கழுவி, நன்றாக ஈரம் துடைத்துவிட்டுக் குத்துங்கள். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து போட்டால் நம் ஊர்க் கடல் காற்றின் ஈரத்தில் கெட்டுவிடும். மீட்டர் இல்லாதவர்கள் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம்; 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிவு செய்தால் மாத்திரையும் வீட்டுக்கே வரும்.

ஞாயித்துக்கெழம பிரியாணி துண்ணேன். ரெண்டு மணி நேரத்துல 165தான். அப்ப பிரியாணி ஓகேவா?

அவசரப்படாதீர்கள். பிரியாணியில் இருக்கும் கொழுப்பு இரைப்பையைத் தாமதப்படுத்தும். உச்சம் 2 மணி நேரத்தில் வராமல் 3, 4 மணி நேரத்தில் வரலாம். அந்த ஒரு நாள் 4 மணி நேரத்திலும் ஒரு தடவை பாருங்கள். அங்கே 240 நின்றால் 165 உங்களை ஏமாற்றியிருக்கிறது. பரோட்டா சால்னாவுக்கும் இதே எச்சரிக்கை.

அளவு ஒன்றரை டம்ளர் பிரியாணி. வெங்காயத் தயிர்ப் பச்சடியும் கறித்துண்டும் முன்னால், சோறு பின்னால் என்று மேலே சொன்ன வரிசை. பிரெட் அல்வாவை வீட்டில் வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

வெந்தயமும் பாவக்கா ஜூஸும் குடிச்சு நார்மல் ஆயிடுச்சு. மாத்திரைய நிறுத்திடலாமா?

கூடாது. நார்மல் ஆனதில் மாத்திரையின் பங்கு பெரியது. வெந்தயத்தின் கரையும் நார் சர்க்கரையைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். ஒரு தேக்கரண்டியை இரவு ஊறவைத்து மென்று சாப்பிடலாம். மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பாகற்காயை ஜூஸாக்கி மூக்கைப் பிடித்துக் குடிக்கும் அளவுக்கு அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. மெல்லியதாக நறுக்கி, உப்பில் 15 நிமிஷம் பிசிறிப் பிழிந்து, வெங்காயமும் பொடி இறாலும் போட்டுச் சுருள வதக்கினால் அருமையான காய், காயாகவே சாப்பிடுங்கள். மாத்திரையின் அளவைக் குறைப்பது உங்கள் எண்களைப் பார்த்து டாக்டர் செய்ய வேண்டியது.

அம்மா ரம்ஜான் நோன்பு புடிக்கணும்றாங்க, இன்சுலினும் போடறாங்க. விடலாமா?

நோன்புக்கு ஆறு வாரத்துக்கு முன்பே டாக்டரிடம் போங்கள். இன்சுலின் அளவும் நேரமும் மாற்ற வேண்டியிருக்கும். டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை உடம்பு நீரை இழுக்கும் என்பதால் அதையும் கேளுங்கள். சமீபத்தில் லோ ஆகி மயங்கியவரை நோன்பு பிடிக்க விடாதீர்கள். நோன்பில் விரல் குத்திப் பார்க்கலாம் என்பதே பெரும்பாலான உலமாக்களின், அதாவது மார்க்க அறிஞர்களின், கருத்து. 70க்குக் கீழே போனாலோ 300ஐத் தாண்டினாலோ அப்போதே நோன்பைத் திறக்க வேண்டும், இஃப்தாருக்கு (மாலையில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு) பத்து நிமிஷம் இருந்தாலும்.

நோன்புக் கஞ்சியில் பாசிப்பருப்பும் கறியும் வெந்தயமும் இருப்பது நல்லது. அரிசி குறைத்துப் பருப்பு கூட்டி ஒரு டம்ளர். பேரீச்சம்பழம் ஒன்று. சமோசாவும் ரோஸ்மில்க்கும் சேர்ந்தால்தான் ராத்திரி எண்ணிக்கை எகிறும். சஹரை, அதாவது விடியும் முன் சாப்பிடுவதை, தவிர்க்கக் கூடாது. அதில் முட்டையோ சுண்டலோ கட்டாயம்.

கை நடுங்குது, வேர்க்குது. லோ ஆனா சாக்லேட் குடுத்தா போதுமா?

சாக்லேட்டின் கொழுப்பு தாமதப்படுத்தும், அது வேண்டாம். 70க்குக் கீழே இருந்தால், அல்லது மீட்டர் இல்லாமல் அறிகுறி மட்டும் இருந்தால், குளுக்கோஸ் பவுடர் மூன்று தேக்கரண்டி, சுமார் 15 கிராம், அரை டம்ளர் தண்ணீரில். 15 நிமிஷத்தில் மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறியபின் இட்லியோ சோறோ சாப்பிட வைக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

மாத்திரைச் சீட்டில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வீட்டுச் சர்க்கரை உடனே வேலை செய்யாது, அந்த மாத்திரை அதை உடைய விடாது. குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் எடுப்பவர்கள் பாக்கெட்டில் எப்போதும் அதை வைத்திருங்கள்.

கிரியாட்டினின் ஏறியிருக்குன்னாங்க. மேல சொன்னதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

முழுக்கப் பொருந்தாது. கிரியாட்டினின் ஏறுவது சிறுநீரகம் தளர்வதற்கான அறிகுறி. சுண்டல், மீன், முட்டை எவ்வளவு என்பதை உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டரோ ஊட்டச்சத்து நிபுணரோ அளந்து சொல்ல வேண்டும். கருவாடு, அப்பளம், ஊறுகாய் நிறுத்துங்கள். பொட்டாசியம் ஏறியிருந்தால் இளநீரும் வேண்டாம். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதை வாங்காதீர்கள். சோடியத்துக்குப் பதில் அதில் பொட்டாசியம் இருக்கிறது. இன்னொன்று: சிறுநீரகம் தளர்ந்தால் இன்சுலினும் சில மாத்திரைகளும் உடம்பில் அதிக நேரம் தங்கும். சாப்பாடு மாறாமலேயே திடீரென்று எண்கள் குறைய ஆரம்பித்தால் சர்க்கரை குணமாகிறது என்று எடுத்துக்கொள்ளாமல், மருந்தின் அளவைச் சரிபார்க்க அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.